சாகிற ஊரின் ஜீவனம்

மண் சரிந்துகொண்டே இருக்கிறது, மக்கள் போய்விட்டார்கள். ஆனாலும் இத்தாலியின் சிவிதாவைப் பார்க்கக் கூட்டம் முண்டியடிக்கிறது.

காலை எட்டரை மணிக்குப் பள்ளத்தாக்கு முழுவதும் பனிமூட்டம். இந்தத் திட்டில் நின்றால் எதிரே ஊர் தெரியும் என்று கையிலிருந்த வழிகாட்டிப் புத்தகம் சொன்னது. ஊரைக் காணோம். கால் மணி நேரம் கழித்து, அந்த வெள்ளைப் படுதாவில் ஒரு மணிக்கூண்டு மட்டும் தெரிந்தது. பிறகு அதைச் சுற்றி ஓட்டுக் கூரைகள். கூரைகளுக்குக் கீழே செங்குத்தான பழுப்புப் பாறை. பாறைக்குக் கீழே ஒன்றுமில்லை. ஊர் அந்தரத்தில் நின்றது.

பனி விலக விலகத்தான் நிலவரம் புரிந்தது. ஈரக் களிமண் குவியலின்மேல் யாரோ ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போனதுபோல, சாம்பல் நிற மண்மேட்டின் உச்சியில் அந்தப் பாறை. பாறையின் மீது விளிம்பு வரை வீடுகள். சில வீடுகள் விளிம்பைத் தாண்டியே போய்விட்டன. மிச்சமிருப்பவற்றை வெளியுலகத்தோடு இணைப்பது சுமார் 300 மீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய கான்கிரீட் நடைபாலம் ஒன்றுதான்.

இத்தாலியர்கள் இந்த ஊருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'லா சித்தா கே முவோரே'. மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்ட எனக்கு அங்கேயே முதல் சிக்கல். 'சாகும் ஊர்' என்பதா? என்றோ ஒருநாள் சாகப்போகும் ஊர் என்றும் அதற்குப் பொருள் வரும். எந்த ஊர்தான் சாகாது? 'செத்துக்கொண்டிருக்கும் ஊர்' என்றால் ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது. 'சாகிற ஊர்' என்றால் பரவாயில்லை. காரியம் நடக்கிறது, எப்போது முடியும் என்று சொல்லவில்லை. இத்தாலிய வினைச்சொல்லும் அதையேதான் செய்கிறது.

இந்தப் பட்டத்தைக் கொடுத்தவர் இதே மண்ணைச் சேர்ந்த எழுத்தாளர் பொனவெந்தூரா தெக்கி (1896-1968). முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்தவர். பிறகு ஜெர்மன் இலக்கியப் பேராசிரியராகி, ஜெர்மனிலிருந்து இத்தாலியத்துக்கு மொழிபெயர்த்தவர். தான் பிறந்த மண்ணுக்கு இரங்கி அவர் எழுதிய சொற்றொடர், இன்று டீ-ஷர்ட்டிலும் அஞ்சலட்டையிலும் விலைபோகிறது. ஒரு வாக்கியத்துக்கு என்ன கதி நேரும் என்று அதை எழுதியவனுக்குத் தெரிவதில்லை.

ஊரின் பெயர் இன்னும் வேடிக்கை. சிவிதா. முதல் அசையை அழுத்தி, கிட்டத்தட்ட 'சீவிதா' என்று சொல்கிறார்கள். நகரம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் சீவிதத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இருந்தாலும் தமிழ்க் காது சும்மா இருக்குமா? வாழ்க்கை என்று பெயர் வைத்துக்கொண்டு செத்துக்கொண்டிருக்கிறது இந்த ஊர்.

ரோமிலிருந்து வடக்கே ஏறக்குறைய 120 கிலோமீட்டர். ரயிலில் ஓர்வியெத்தோ வரை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து பாஞோரேஜோ என்ற சிற்றூரில் இறங்க வேண்டும். (எழுத்தைப் பார்த்து 'பாக்னோ' என்று வாசித்து, பஸ் டிரைவரிடம் அசடு வழிந்தேன். உச்சரிப்பில் அது நம்முடைய 'ஞ'தான்.) இறங்கிய இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. சிவிதா நிர்வாகரீதியில் பாஞோரேஜோவின் ஒரு பகுதி. ஒரு காலத்தில் சிவிதாதான் தலையூர். பாஞோரேஜோ அதன் புறநகர். இன்று தலைகீழ். பாஞோரேஜோவில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வசிக்கிறார்கள். சிவிதாவில் ஆண்டு முழுவதும் தங்கியிருப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்.

எப்படி இந்த நிலைமை வந்தது என்பதற்கு விடை பாறையில் இருக்கிறது. பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சேறுதான் கீழே தெரியும் சாம்பல் நிறக் களிமண். இன்றும் அதில் சிப்பி ஓடுகள் கிடைக்கின்றன. கடல் வற்றிய பிறகு அருகிலிருந்த எரிமலைகள் வெடித்துச் சாம்பலை வாரி இறைத்தன. (அந்த எரிமலைக் கூட்டம் ஓய்ந்த பள்ளத்தில்தான் இப்போது பொல்சேனா என்ற அழகான ஏரி இருக்கிறது.) அடுக்கடுக்காக இறுகிய அந்தச் சாம்பல்தான் மேலேயுள்ள பாறை. 'தூஃபோ' என்பார்கள். கையால் தேய்த்தால் பொடி உதிரும். ஆனால் உளியால் வெட்ட எளிது, கட்ட உகந்தது, குடைந்து உள்ளேயே குடியிருக்கலாம்.

கெட்டியானது மேலே, இளகியது கீழே. இதுதான் சிவிதாவின் ஜாதகம். இருபுறமும் ஓடும் ஓடைகள் களிமண்ணின் காலை அரிக்கின்றன. மழை பெய்யும்போது களிமண் ஊறுகிறது, வெயிலில் வெடிக்கிறது, மறுமழையில் வழிகிறது. கீழே ஆதாரம் குறையக் குறைய, மேலே பாறையில் நெட்டுக்குத்தாக விரிசல் விழுகிறது. பிறகு ஒருநாள் ஒரு முழுத் துண்டு, அதன் மேலிருக்கும் கொல்லைப்புறத்தோடும் சுவரோடும், பள்ளத்தில் இறங்கிவிடுகிறது. சுற்றிலும் தெரியும் மண் முகடுகள் இப்படி அரித்து எஞ்சியவைதான். கத்தி விளிம்புபோல் கூர்மையாக, புல்கூட முளைக்காமல் வெளிறிப்போய் நிற்கின்றன. பார்க்க வெகு அழகு. சுற்றுலாப் படங்களில் அந்தி வெயிலில் அவற்றைத்தான் காட்டுவார்கள். ஊரைத் தின்கிற வாய்க்கு இவ்வளவு அழகு எதற்கு என்று எனக்குத் தோன்றியது.

இங்கே முதலில் குடியேறியவர்கள் எத்ருஸ்கர்கள், சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன்பு. ரோமானியருக்கும் முந்தைய நாகரிகம் அவர்களுடையது. எதிரி ஏற முடியாத பாறையாகத் தேடித்தான் பிடித்திருக்கிறார்கள். பாறையைக் குடைந்து அவர்கள் வெட்டிய கல்லறைகள் பின்னால் ஒயின் பாதாள அறைகளாயின, புறாக்கூடுகளாயின, பன்றிப்பட்டிகளாயின. எதையும் வீணாக்காத குடும்பத்தில் பாட்டியின் பட்டுப்புடவை பேத்திக்குப் பாவாடையாவதுபோல. ஒரு குகை சிறைச்சாலையாக இருந்து, பிற்பாடு மாதாவுக்குச் சிறு கோயிலானது. 'சிறைச்சாலை மாதா' என்றே அவளுக்குப் பெயர்.

மத்தியகாலத்தில் சிவிதா பெரிய ஊர். பிஷப் இருந்தார், பிரபுக்களின் மாளிகைகள் இருந்தன. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பிறந்த ஒரு பிள்ளை கடும் நோயில் விழ, தாய் அசிசி நகர் பிரான்சிஸிடம் வேண்டிக்கொள்ளப் பிழைத்ததாகச் சொல்வார்கள். அந்தப் பிள்ளைதான் பிரான்சிஸ்கன் சபைக்குத் தலைவராகி, பிரான்சிஸின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதிய புனித பொனவெந்தூர். தாந்தே தன் காவியத்தின் சொர்க்கப் பகுதியில் இவரைப் பேசவைக்கிறார். அங்கேயும் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார் துறவி. சொர்க்கத்துக்குப் போயும் ஊர்ப்பாசம் விடவில்லை.

1274இல் பிரான்ஸ் நாட்டு லியோன் நகரில் இறந்தார். 16ஆம் நூற்றாண்டு மதப் போரில் அவருடைய உடல் அங்கே அழிக்கப்பட்டது. அதற்கு முன்பே பிறந்த மண்ணுக்குக் கொடுத்து அனுப்பிய ஒரு கை மட்டும் தப்பி, பாஞோரேஜோ தேவாலயத்தில் வெள்ளிப் பேழைக்குள் இருக்கிறது. சிவிதாவில் அவர் பிறந்த வீட்டைக் கேட்டேன். விளிம்பில் ஓர் இடத்தைக் காட்டினார்கள். வீடு பள்ளத்துக்குள் போய் வெகுகாலமாகிறது.

1695 ஜூனில் வந்தது பூகம்பம். ஏற்கெனவே விரிசல் கண்டிருந்த பாறை பல இடங்களில் பிளந்தது. பிஷப்பும் நகர நிர்வாகமும் மூட்டை கட்டிக்கொண்டு பாஞோரேஜோவுக்குப் போய்விட்டார்கள். அதிகாரம் போனால் அதன் பின்னால் வியாபாரம் போகும். வியாபாரத்தின் பின்னால் இளைஞர்கள் போவார்கள். தெரிந்த கதைதான். அப்போதெல்லாம் இரு ஊர்களையும் ஒரு மண் முகடு இணைத்திருந்தது, கழுதைகள் நடக்கும் அளவுக்கு. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. 1920களில் ஒரு பாலம் கட்டினார்கள். 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை அதை வெடிவைத்துத் தகர்த்தது. இப்போதைய நடைபாலம் திறக்கப்பட்டது 1965இல். அதற்குள் பாலத்தை உபயோகிக்கப் பெரிதாக ஆள் இல்லை.

பாலத்தில் கடைசி நூறு மீட்டர் நல்ல ஏற்றம். மூச்சு வாங்க நின்றபோது, பின்னால் டர்ர்ரென்று ஒரு பழகிய சத்தம். மூன்று சக்கர வண்டி ஒன்று, சமையல் எரிவாயு சிலிண்டர்களையும் தண்ணீர் புட்டிப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு என்னைத் தாண்டியது. நெற்றியில் எழுதியிருந்த பெயரைப் படித்தேன்: ஆபே. நம் ஊர்ச் சாலைகளில் ஷேர் ஆட்டோவாகப் பத்துப் பேரை அடைத்துக்கொண்டு ஓடுகிறதே, அதே பியாஜ்யோ கம்பெனி வண்டி. இத்தாலியத்தில் 'ஆபே' என்றால் தேனீ. இத்தனை வருஷம் அதில் ஏறியிறங்கியும் எனக்கு இந்த அர்த்தம் தெரியாது.

ஊருக்குள் நுழையும் சாந்தா மரியா வாயில், பாறையையே அறுத்துச் செய்தது. அதைத் தாண்டியதும் வலது பக்கம் ஒரு மாளிகை முகப்பு. மறுமலர்ச்சிக் காலத்துக் கம்பீரமான ஜன்னல்கள். நிமிர்ந்து பார்த்தால் ஜன்னலுக்குள் ஆகாயம். முகப்புச் சுவரைத் தவிர மாளிகையில் எதுவுமே இல்லை. பின்பக்கம் முழுவதும் சரிந்து போய்விட்டது. நீல வானத்தில் ஒரு பறவை ஜன்னலுக்குள் நுழைந்து அடுத்த ஜன்னல் வழியே வெளியேறியது. ஊரில் வேறெதையும் பார்க்காமல் திரும்பியிருந்தாலும் எனக்கு இது போதும்.

சந்துகள் குறுகல். வீட்டு வாசல்களில் வெளிப்படிக்கட்டு, படிக்கட்டெல்லாம் பூந்தொட்டி, தொட்டிக்கு ஒரு பூனை. மனிதர்களைவிடப் பூனைகள் அதிகம் என்று சொல்வது இந்த ஊரில் மிகையல்ல. நடுச்சதுக்கத்தில் புனித தொனாதோ தேவாலயம். முன்பு ரோமானியர் கோயில் இருந்த இடம் என்கிறார்கள். உடைந்த பழைய தூண்கள் சில வாசலிலேயே நிற்கின்றன. சதுக்கத்துக்குத் தளம் கிடையாது, வெறும் மண்ணும் சரளையும். ஜூனிலும் செப்டம்பரிலும் இங்கே கழுதைப் பந்தயம் நடக்கும். குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன சியெனா நகரத்துப் பணக்காரத்தனத்துக்கு இது ஏழை வீட்டுப் பதில்.

தேவாலயத்தின் உள்ளே 15ஆம் நூற்றாண்டு மரச்சிலுவை. ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கிழமையும் சிலுவையிலிருந்து இயேசுவின் உருவத்தைக் கழற்றி, பாடையில் கிடத்தி, பாலத்தைக் கடந்து பாஞோரேஜோவுக்கு ஊர்வலமாக எடுத்துச் செல்கிறார்கள். நள்ளிரவுக்குள் அது சிவிதாவுக்குத் திரும்பிவிட வேண்டும். தவறினால் பாஞோரேஜோ அதைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்பது ஐதீகம். பிஷப்பை, பதவியை, ஜனங்களை எல்லாம் அந்தப் பக்கம் பறிகொடுத்த ஊர், இந்த ஒன்றை மட்டும் வருஷா வருஷம் நேரத்தோடு மீட்டுக்கொண்டு வந்துவிடுகிறது.

பதினொன்றரைக்கு முதல் பஸ் கூட்டம் வந்து சேர்ந்தது. அரை மணியில் சதுக்கத்தில் கால் வைக்க இடமில்லை. கொரிய மொழி, ஸ்பானியம், ரோமானியக் கல்லூரி மாணவிகளின் சிரிப்பு. பாலத்தில் திருமண உடையில் ஒரு சீன ஜோடி, கூடவே இரண்டு போட்டோகிராபர்கள். ஜப்பானிய இயக்குநர் மியாசாகி 1986இல் எடுத்த கார்ட்டூன் படத்தின் மிதக்கும் கோட்டைக்கு இந்த ஊர்தான் தூண்டுதல் என்று நம்பி வருகிறவர்கள் பலர். பூண்டு தேய்த்து எண்ணெய் ஊற்றிச் சுட்ட ரொட்டி விற்கும் குகைக் கடையில் நீண்ட வரிசை. அந்தக் குகையில் பழைய செக்கு ஒன்றும் இருக்கிறது; ஒரு காலத்தில் கண்ணைக் கட்டிய கழுதை அதைச் சுற்றி வந்ததாம்.

2009இல் இந்த ஊருக்கு வந்த பயணிகள் சுமார் 40,000 பேர். 2017இல் எட்டு லட்சத்தையும் தாண்டிவிட்டது. நடுவில் நடந்த முக்கியமான சம்பவம், 2013இல் பாஞோரேஜோ நகராட்சி சிவிதாவுக்குள் நுழையக் கட்டணம் விதித்தது. ஒன்றரை யூரோ. மியூசியத்துக்கு டிக்கெட் சரி. வீதிக்கு டிக்கெட்டா என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு. கட்டணம் வைத்தால் கூட்டம் குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய ஊர் என்றதும் மவுசு ஏறிவிட்டது. கட்டணமும் படிப்படியாக ஏறி, நான் போனபோது ஐந்து யூரோ. நம் பணத்தில் 450 ரூபாய்க்கும் மேலே. 2024 ஏப்ரலில் வெனிஸ் நகரமே இதே வழியில் பகல்நேரப் பயணிகளிடம் ஐந்து யூரோ வசூலிக்க ஆரம்பித்தது. பத்துப் பேர் வசிக்கும் குக்கிராமம் வெனிஸுக்கு வழிகாட்டிவிட்டது.

அந்தப் பணம் வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாஞோரேஜோவாசிகள் நகராட்சிக்குச் செலுத்த வேண்டிய வரிகளை ரத்து செய்யும் அளவுக்கு வருமானம் வந்தது. தங்கும் விடுதி, உணவகம், பஸ், வழிகாட்டி என்று பிள்ளைகளுக்கு ஊரிலேயே வேலை. பாறையைக் காக்கும் வேலைக்கு இந்தப் பணம் மட்டும் போதாது. விரிசல்களுக்குக் குறுக்கே எஃகுக் கம்பிகளைச் செலுத்தித் தைப்பது, நகர்வை அளக்கும் கருவிகளைப் பொருத்துவது எல்லாம் அரசாங்கம் மனது வைத்துச் செய்ய வேண்டிய காரியம். உலக நினைவுச்சின்ன நிதியத்தின் 2006ஆம் ஆண்டுக்கான, ஆபத்திலிருக்கும் 100 இடங்களின் பட்டியலில் சிவிதா இடம்பெற்றது. 2021இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலுக்கு இத்தாலி இதைப் பரிந்துரைத்தது. யாரும் கவனிக்காத ஒரு மலையூராக இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

நிலச்சரிவுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது இங்கே, 2012இல் திறந்தது. பழைய மாளிகை ஒன்றில் களிமண் மாதிரிகளும் வரைபடங்களும். சதுக்கத்தில் அத்தனை கூட்டம் இருந்தும் உள்ளே நானும் ஒரு ஜெர்மன் தம்பதியும்தான். நூற்றாண்டுவாரியாக ஊரின் எல்லை எப்படிச் சுருங்கியது என்று காட்டும் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றோம். சிவிதா முன்பு எவ்வளவு பெரியதாக இருந்தது என்பது வெளியே நடந்தால் தெரிவதில்லை. போன வீடுகள் சுவடு வைத்துவிட்டுப் போகவில்லை.

அப்படியானால் ஊர் பிழைத்துவிட்டதா? வீடுகள் பிழைத்திருக்கின்றன. இடிந்து கிடந்தவற்றை ரோம்வாசிகளும் வெளிநாட்டவரும் வாங்கிப் பழுது பார்த்து விடுமுறை வீடுகளாக வைத்திருக்கிறார்கள். இதில் முன்னோடி என்று சொல்ல வேண்டியவர் லாட்வியாவில் பிறந்த அமெரிக்கக் கட்டடக்கலைஞர் அஸ்த்ரா சரீனா. இங்கே வீடு வாங்கி, தன் பல்கலைக்கழக மாணவர்களை அழைத்து வந்து, சுவர் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமல்ல, ஊரார் எப்படிச் சமைக்கிறார்கள், எப்படிப் பயிரிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வைத்தவர். 2008இல் மறைந்தார். அவர் வந்த புதிதில் கற்றுக்கொடுக்க இங்கே ஆட்கள் இருந்தார்கள். இன்று அதே மாணவர்கள் வந்தால் ரொட்டிக் கடை வரிசையில்தான் நிற்க வேண்டும்.

பள்ளிக்கூடம் இல்லை. மளிகைக் கடை, நான் தேடியவரை கண்ணில் படவில்லை. குழந்தையின் அழுகுரல் கேட்டால் அது சுற்றுலா வந்த குழந்தை. ஜன்னல்கள் அனைத்தும் பளிச்சென்று வர்ணம் பூசியிருந்தன. காயப்போட்ட துணி ஒரே ஒரு ஜன்னலில் தொங்கியது. அதை நாலு பேர் போட்டோ எடுத்தார்கள். நானும் எடுத்தேன், யோக்கியம் பேச எனக்கு உரிமையில்லை.

டிக்கெட்டை நான் குறை சொல்ல மாட்டேன். ஜீவனம் வேண்டுமல்லவா? மூன்று நூற்றாண்டாக ஒவ்வொரு தலைமுறையும் பிழைப்புத் தேடி அந்த முகட்டையும் பாலத்தையும் கடந்து போனது, இன்று அதே பாலத்தில் பிழைப்பு எதிர்த்திசையில் வருகிறது. ஆனால் ஜீவனமும் ஜீவிதமும் ஒன்றல்ல. முன்னதற்கு டிக்கெட் போதும். பின்னதற்குக் கதவைத் திறந்து அடுத்த வீட்டில் தீப்பெட்டி கடன் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

ஐந்து மணிக்கெல்லாம் நவம்பர் இருட்டு விழ ஆரம்பித்தது. கடைசி பஸ்ஸுக்காகக் கூட்டம் பாலத்தில் இறங்கியது. எனக்கும் பஸ் பிடிக்க வேண்டும். இருந்தாலும் காலையில் நின்ற திட்டிலேயே போய் நின்றுகொண்டேன். பள்ளத்தாக்கிலிருந்து குளிர் ஏறியது. எதிரே பாறையின் மேல் ஒவ்வொன்றாக விளக்குகள் எரிந்தன. எண்ணினேன். பதினேழு ஜன்னல்கள். அவற்றில் எத்தனை விடுதி அறை, எத்தனை விடுமுறை வீடு, எத்தனை வீடு என்று அங்கிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

காலையில் பார்த்த அதே ஆபே, காலி சிலிண்டர்களோடு பாலத்தில் இறங்கி வந்தது. ஓட்டியவர் பாலத்தின் முனையில் நிறுத்தி, யாருடனோ இரண்டு நிமிஷம் பேசினார். பிறகு வண்டியைத் திருப்பாமல் பாஞோரேஜோ பக்கம் போய்விட்டார்.